பதினெட்டாம் டோக்கன்

எட்டு மாதம் மூடிக்கிடந்த மலைப்பாதை அந்த வாரம்தான் திறந்திருந்தது.

எங்கள் ஓட்டுநருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். அவர் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து நடுங்கிப்போன ஒரு டாக்டர், வேண்டுதல் மாதிரி வைத்த பெயர் அது. அன்றைக்கு மட்டும் அவர் அந்தப் பெயரைக் காப்பாற்றினார். காலை பத்தரை மணிக்கு முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தபடி வண்டியை ஏற்றினார். அப்படி ஒரு மூடுபனி. பாதையோரம் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர் மட்டும் ஈரமாக, கருப்பாகக் கூடவே வந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். நீங்க எடுக்கிற படமெல்லாம் மேகத்துக்குத்தானே போகுது?"

"கிளவுடுக்கு."

"அதேதான். இப்ப நாம மேகத்துக்குள்ளயேதான் போயிட்டு இருக்கோம். அப்பறம் ஏன் போன்ல ஒரு கோடுகூட சிக்னல் காட்டல?"

சிரித்துவிட்டேன். நியாயமான கேள்விதான்.

நான் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பவள். எனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. வாரத்துக்கு ஐந்து ஊர், ஐந்து சுகாதார நிலையம். என் ஆஸ்பத்திரி முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். புத்தகம் அளவில் ஒரு மெஷின், வயிற்றில் வைத்து நகர்த்தும் புரோப், பட்டியல் காட்டும் தொடுதிரை டேப் ஒன்று, நாலு பாட்டில் ஜெல், சிக்னல் பிடிக்க ஒரு சின்னப் பெட்டி. நான் எடுக்கும் படம் கிளவுடுக்குப் போகும். தொலைதூர நகரத்தில் ஒரு டாக்டர் அதைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதுவார். நாங்கள் அவரைப் 'படிக்கிற டாக்டர்' என்போம். ஆறு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். முகத்தைப் பார்த்ததில்லை. குரல்தான்.

சந்தேகமான படங்கள் மட்டுமே அவருக்குப் போகும். மற்றவற்றுக்கு நானே 'இயல்பு' என்று ஒரு தட்டுத் தட்டி முடித்துவிடலாம். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், படம் பிறகு வந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அதாவது, படமே இல்லாமல்கூட 'இயல்பு' என்று எழுத முடியும்.

இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

நிலையம் பழைய இரண்டு மாடிக் கட்டடம். மேல்மாடி வார்டு பூட்டிக் கிடக்கும். கீழே நீண்ட தாழ்வாரம், அதில் ஒரு மர பெஞ்சு, தாழ்வாரம் முடியும் இடத்தில் ஸ்கேன் அறை. ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைச் சாயம் அடித்து, அதற்கு மேல் திரையும் போட்டிருப்பார்கள். மெஷின் திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அறை இருட்டாக இருக்க வேண்டும். பட்டப்பகலிலும் நான் இருட்டில்தான் வேலை செய்வேன்.

"வாங்க, வாங்க. எங்களை மறந்தே போயிட்டீங்கன்னு நினைச்சேன்," என்றார் நர்ஸம்மா. இருபது வருடமாக அந்த மலையில் பிரசவம் பார்ப்பவர். மழைக்காலம் முழுவதும் தனியாகச் சமாளித்த களைப்பு அவர் கண்ணுக்குக் கீழே தொங்கியது.

"நான் மறக்கல. ரோடுதான் மறந்துபோச்சு," என்றேன்.

பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கொண்டே உள்ளே போனேன். கட்டில்மேல் புதுக் காகித விரிப்பை இழுத்து விரித்தேன். சிக்னல் பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஒரே ஒரு கோடு காட்டியது. டேப்பில் பட்டியல் மெல்ல இறங்கியது.

பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

முதல் வரியில், எல்லோருக்கும் மேலே, எட்டு மாதத்துக்கு முந்தைய டோக்கன். எண் பதினெட்டு. வயது இருபத்துமூன்று. முப்பதாவது வாரம். அதற்கு நேரே மஞ்சள் எழுத்தில்:

காத்திருக்கிறார்.

என் கை தானாக டேப்பைக் கவிழ்த்து வைத்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது இது. அன்றைக்குப் பதினேழு பேரைப் பார்த்து முடித்தபோது மணி மூன்று. மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மேலே எங்கேயோ கல் உருள்கிறது, உடனே கிளம்பினால்தான் உண்டு என்று ஆமை வந்து அவசரப்படுத்தினார். நர்ஸம்மா ஒரு பிரசவத்துக்காகப் பக்கத்துக் குடியிருப்புக்குப் போயிருந்தார். பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தால், பெஞ்சில் ஒருத்தி. பச்சை ஸ்வெட்டர். வயிறு இடம் கொடுக்காததால் கீழே மூன்று பொத்தான்கள் திறந்து கிடந்தன.

"மூணு மணி நேரம் நடந்து வந்தேன்க்கா. வழியில உக்காந்து உக்காந்து வந்ததுல லேட்டாயிடுச்சு."

"அடுத்த வாரம் வாம்மா. உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

"சரிக்கா."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் படுக்கச் சொல்லியிருப்பேன். அவள் 'சரிக்கா' என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

வண்டியில் வரும்போது டேப் அன்றைய கணக்கை மூட மறுத்தது. பட்டியலில் ஒருத்தர் பாக்கி என்றது. பாக்கி இருந்தால் அன்றைய முகாம் முடிந்ததாக ஆகாது. காரணம் எழுத வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் அவள் பெயரைத் தொட்டு 'இயல்பு' என்று தட்டினேன். பத்து நிமிட வேலை, ஒரு விரலில் முடிந்தது. அடுத்த வாரம் வந்து உண்மையாகவே பார்த்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலையே மலை சரிந்து பாதை மூடியது.

அதன்பின் ஒரே ஒரு தடவைகூட நான் அவளைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இப்போது அந்த வரி பச்சையாக, 'இயல்பு' என்று, பட்டியலின் அடியில் எங்கேயோ இருக்க வேண்டும். மேலே வந்து மஞ்சளாக நிற்கக் கூடாது. சிக்னல் கோளாறாக இருக்கும் என்று நினைத்து மறுபடியும் 'இயல்பு' தட்டினேன். பச்சையானது. கீழே இறங்கியது. முதல் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்து அனுப்பினேன்.

பட்டியலைத் திறந்தேன். பதினெட்டு மறுபடி மேலே இருந்தது.

காத்திருக்கிறார்.

ஒவ்வொருத்தியையும் பார்த்து முடிக்கும்போது இதே கதை. நான் கீழே தள்ளினேன், அது மேலே வந்தது. நான்காவதாக வந்தவள் கட்டிலில் படுக்காமல் நின்றாள். தலைப்பிள்ளைக்காரி, பேசவே கூச்சப்படுகிறவள்.

"என்னம்மா, படு."

"அந்த அக்காவைப் பாத்துட்டு என்னைப் பாருங்களேன். எனக்கொண்ணும் அவசரமில்ல."

"எந்த அக்கா?"

அவள் அறையின் மூலையைக் கை காட்டினாள். உடை சரிசெய்துகொள்வதற்காக அங்கே ஒரு துணித் திரை தொங்கும். அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி.

"அங்க உக்காந்திருக்காங்களே. ரொம்ப நேரமா காத்திருக்காங்க போல. கால் வீங்கியிருக்கு பாவம்."

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். நாற்காலி காலியாக இருந்தது. நனைந்த கம்பளியின் வாசனை மட்டும் முகத்தில் அடித்தது.

"யாருமில்லையே."

"போயிட்டாங்களா?" என்றாள் அவள், ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்ட மாதிரி. பிறகு படுத்துக்கொண்டாள். அவள் வயிற்றில் ஜெல் விட்டேன். ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லி அவள் சிரித்தாள்.

மதியம் ஒரு மணிக்குமேல் ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். தடுப்புச் சுவர் வேலையில் கல் அடுக்குகிறவர். கை முட்டிவரை சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, ஆனால் உள்ளே வராமல் நின்றார்.

"ஸ்கேன் மேடம் நீங்கதானே?"

"ஆமா. வீட்டம்மாவை அழைச்சிட்டு வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அவ இல்லைங்க. போன மழையில போயிட்டா. பிள்ளையும்தான். நீங்க வந்துட்டுப் போன ஒன்பதாம் நாள்."

அவள் பெயரைச் சொன்னார். தேவையே இருக்கவில்லை.

"சாயங்காலம் ஆரம்பிச்ச ரத்தப்போக்கு, நிக்கவே இல்லை. ரோடும் இல்லை. நர்ஸம்மாகிட்ட ஓடிவந்தேன். அவங்க டேப்புல பாத்தாங்க. உங்க ரிப்போர்ட்டுல எல்லாம் நல்லா இருக்குன்னு போட்டிருந்துச்சாம். அப்ப இது சாதாரணமா வர்றதாத்தான் இருக்கும், இந்த மழையில தூக்கிட்டு இறங்கறதுதான் ஆபத்து, விடியட்டும்னாங்க. விடியறதுக்குள்ள..."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களைக் குறை சொல்ல வரலீங்க," என்றார் அவசரமாக. "நீங்க பாத்தப்ப நல்லாத்தானே இருந்திருக்கு. அதுக்கப்பறம் ஏதோ ஆயிருக்கு. விதி. நான் கேக்க வந்தது வேற. அன்னிக்கு எடுத்த படம் இருக்குமில்ல? பிள்ளை முகம் தெரியற மாதிரி எடுப்பீங்களாமே. எடுத்ததெல்லாம் கிளவுடுல அப்படியே இருக்கும், அழியாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு கிடைச்சா... பிள்ளையை நான் பாக்கலீங்க. துணியில சுத்திதான் குடுத்தாங்க. பிரிச்சுப் பாக்க மனசு வரல."

வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். வந்தது இது:

"தேடிப் பாக்கறேன். கொஞ்ச நேரம் இருங்க."

"சாயங்காலம் வரைக்கும்கூட இருப்பேன். அரை நாள் லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அவர் போய் மர பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்திருந்த அதே பக்கம்.

கடைசிப் பெண்ணை அனுப்பும்போது மணி மூன்று இருக்கும். பனி தாழ்வாரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. நர்ஸம்மா மருந்து அறையில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஆமை வண்டியில் தூங்கினார். நான் பெட்டியை மூட ஆரம்பித்தேன். அந்த ஆளிடம், பழைய படங்கள் அழிந்துவிட்டன என்று சொல்லிவிடலாம். இன்னொரு பொய்தானே. மெஷினை அணைத்தேன். புரோப்பைத் துடைத்து அதன் கொக்கியில் மாட்டினேன்.

கரண்டு போனது.

சிக்னல் பெட்டியின் விளக்கு அணைந்தது. ஜன்னல் திரையின் விளிம்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

பின்னால் ஒரு சத்தம்.

கட்டில்மேல் விரித்திருந்த காகிதம் நொறுங்கும் சத்தம். யாராவது படுக்கும்போது வருமே, அது. முதலில் இடுப்பு உட்காரும் இடத்தில். பிறகு ஒரு கையை ஊன்றி மெல்லச் சாயும்போது. கடைசியாகக் கால்களைத் தூக்கி வைக்கும்போது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கேட்கிறேன், பார்க்காமலேயே தெரியும். மாதமான பெண்கள் ஒருக்களித்துத்தான் படுப்பார்கள். இதுவும் ஒருக்களித்துப் படுத்தது.

நான் திரும்பவில்லை.

நனைந்த கம்பளி வாசனை அறையை நிறைத்தது.

அணைத்து வைத்திருந்த மெஷினின் திரை, தானாக, மெல்ல வெளுத்தது.

அதிலிருந்து இதயத் துடிப்பு வந்தது. குழந்தையினுடையது. வேகமாக, சீராக, பயமே இல்லாமல். புரோப் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது யார் மீதும் படவில்லை.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கதவு ஆறடி தூரத்தில் இருந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். எது என்னை நிறுத்தியது என்று கேட்டால், அதுதான். அவர் முகத்தைக் கடந்து ஓட என்னால் முடியவில்லை.

திரும்பினேன்.

கட்டிலில் யாரும் இல்லை. காகிதம் மட்டும் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளமாக அமுங்கியிருந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது.

புரோப்பைக் கையில் எடுத்தேன். ஜெல் விட்டேன். வயிறு இருக்க வேண்டிய உயரத்தில், வெற்று இடத்தில் கையைக் கொண்டுபோனேன்.

கை நின்றது.

ஏதோ தடுத்தது. கல் மாதிரி இல்லை. வயிறு மாதிரி, உள்ளே கொடுத்து, பிறகு எதிர்த்தது. பிணத்தின் குளிர்ச்சியை எதிர்பார்த்திருந்தேன்.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிம்மா," என்றேன். பழக்கம். குரல் என்னுடையதாகவே இல்லை.

துடிப்பின் பின்னணியில், யாரோ மூச்சை இழுத்து நிறுத்தினார்கள்.

நான் பார்த்தேன். பதினைந்து வருட வேலையில் அவ்வளவு பொறுமையாக யாரையும் பார்த்ததில்லை. தலையை அளந்தேன். தொடை எலும்பை அளந்தேன். முப்பது வாரம், நல்ல வளர்த்தி. முதுகெலும்பு முத்துக் கோத்த மாதிரி இருந்தது. நாலு அறை இதயம். எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு புரோப்பைக் கீழே இறக்கினேன். அங்கே இருந்தது.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் மேல்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். அது முழுக்க அடியில் இறங்கி, குழந்தை வெளியே வரவேண்டிய வாயை அடைத்துக்கொண்டிருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டும் படம்போல, அவ்வளவு தெளிவாக. அதைப் பார்த்த யாரும் அவளை நடக்க விட்டிருக்க மாட்டார்கள். அன்றே, அந்த மழையிலேயே, எங்கள் வண்டியிலேயே படுக்க வைத்துக் கீழே இறக்கியிருப்பார்கள். பாதை மூடுவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் இருந்தது.

பத்து நிமிடம். நான் கொடுக்காமல் போனது அதைத்தான்.

அழுதுகொண்டே முகத்தைத் தேடினேன். குழந்தை கையை விலக்கிக்கொண்டு திரும்பியது. அகன்ற நெற்றி, மூடிய கண், கொஞ்சம் தூக்கிய மேலுதடு. படத்தை நிறுத்திச் சேமித்தேன். அறிக்கைக் கட்டத்தில் 'இயல்பு' என்பதை அழித்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, 'உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும்' என்று முடித்து, டாக்டருக்கு அனுப்பினேன்.

கரண்டு இல்லை. சிக்னல் பெட்டி செத்துக்கிடந்தது. ஆனாலும் படம் போனது. ஒவ்வொரு கோடாக ஏறி, முழுதும் போய்ச் சேர்ந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

"யார் இந்தப் பொண்ணு?" படிக்கிற டாக்டரின் குரல். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "இன்னிக்கே இறக்குங்க. இப்பவே. ரத்தம் போக ஆரம்பிச்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. நடக்க விடாதீங்க, படுக்க வெச்சே கொண்டுவாங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்."

"டாக்டர்... அந்தப் பொண்ணு..."

"என்ன யோசனை? பக்கத்துலதானே படுத்திருக்காங்க? மூச்சு விடறது எனக்கே கேக்குதே!"

போன் என் கையிலிருந்து நழுவியது.

கட்டிலில் காகிதம் மறுபடி நொறுங்கியது. கையை ஊன்றி எழுந்திருக்கும் சத்தம். பள்ளம் மெல்ல மெல்ல மேடானது. கம்பளி வாசனை என் தோளை உரசிக்கொண்டு கடந்து போனது.

டேப்பில் பதினெட்டாம் வரி நிறம் மாறியிருந்தது.

பார்க்கப்பட்டது.

வெளியே வந்தேன். அந்த ஆள் எழுந்து நின்றார். சத்தம் கேட்டு நர்ஸம்மாவும் மருந்து அறை வாசலுக்கு வந்திருந்தார். இரண்டு பேர் முன்னாலும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு நான் உங்க சம்சாரத்தைப் பாக்கல. மழைன்னு திருப்பி அனுப்பிட்டேன். பாத்ததா பொய் எழுதினேன். பாத்திருந்தா பிழைச்சிருப்பாங்க."

நர்ஸம்மா சுவரோடு சாய்ந்தார். "ஐயோ, பாவி," என்றார். என்னைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

அந்த ஆள் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் வெகுநேரம் தன் வெளுத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொன்னாளுங்க," என்றார் கடைசியில். "அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னா, அக்கா பாக்கலைங்க, அடுத்த வாரம் வரச் சொன்னாங்கன்னு. மறுநாள் நான் இங்க வந்து கேட்டேன். பாத்தாச்சு, நல்லா இருக்குன்னு லிஸ்டுல இருந்துச்சு. திரும்பிப் போய் அவளைத்தான் திட்டினேன். பயத்துல என்ன நடந்துச்சுன்னே உனக்கு மறந்துபோச்சான்னேன். இல்லைங்க, என்னை யாரும் தொடக்கூட இல்லைங்கன்னு அழுதா. ஒன்பது நாளும் அதையேதான் சொன்னா. நான் மெஷினை நம்பினேன்."

நான் டேப்பை நீட்டினேன். அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். தொடப்போய், விரலில் சிமெண்டு இருப்பதைப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி தொட்டார்.

"பாக்கவே இல்லைன்னீங்க. அப்ப இது எப்ப எடுத்தது?"

"இப்ப."

அவர் ஸ்கேன் அறையின் இருட்டைப் பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் மெதுவாகப் பேசும் குரல் கேட்டது. நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.

திரும்பும் வழியில் ஆமை கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதும், பார்வையைத் திருப்புவதுமாக ஓட்டினார். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்றே எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது. மெஷினை, டேப்பை எல்லாம் வாங்கி, பேட்டரியைக் கழற்றி, சீல் வைத்துப் பூட்டினார்கள். சீலின் மேல் நானும் கையெழுத்துப் போட்டேன். வேலை போனது. போக வேண்டியதுதான். கல் அடுக்குகிறவருக்குப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். சாட்சி சொல்லும்போது நர்ஸம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

விசாரணையில்தான் படிக்கிற டாக்டரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். ஒல்லியான, தலை நரைத்த மனிதர். கிளவுடிலிருந்த அந்தக் கோப்பை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்டினார். படம் உண்மையானது, மெஷின் என்னுடையது, அளவுகள் சரி. தேதி மட்டும் எட்டு மாதத்துக்கு முந்தையது. நேரம் மூன்று பத்து. அந்த மூன்று பத்துக்கு மெஷின் பெட்டிக்குள், என் மடியில், மலையிறங்கிக்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

இதெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று மதியம், நல்ல வெயில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. படிக்கிற டாக்டர்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் அப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை.

"சொல்லுங்க டாக்டர்."

"உங்க மெஷினைப் போய்ப் பாத்துட்டுத்தான் பேசறேன். பூட்டு இருக்கு. சீல் அப்படியே இருக்கு. பேட்டரி தனியா இருக்கு." மூச்சு வாங்கினார். "காலையில அந்த மெஷின்லேருந்து ஒரு கோப்பு வந்திருக்கு. அந்தப் பொண்ணு பேர்ல. படம் ஒண்ணும் இல்லை. சத்தம் மட்டும்தான்."

"துடிப்பா?"

"இல்லை. நீங்க எடுத்தது முப்பது வாரத்துல. இன்னிக்கோட சரியா பத்து வாரம் ஆச்சு, நாப்பது நிறைஞ்சாச்சு, கவனிச்சீங்களா?"

அவர் போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைப்பது தெரிந்தது. ஒரு சொடுக்கு. கொஞ்ச நேரம் மழை மாதிரி இரைச்சல்.

பிறகு ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதுதான் பிறந்த குழந்தையின் அழுகை, மூச்சு எட்டாமல் விட்டு விட்டு வருவது.

ஒரு பெண் குரல் அதைச் சமாதானப்படுத்தியது. நான் என் வாழ்நாளில் இரண்டு மூன்று வாக்கியம் மட்டுமே கேட்ட குரல். மெதுவாக, பொறுமையாக, போனுக்கு வெகு அருகில்:

"அழாத கண்ணு. அக்கா கேட்டுட்டு இருக்காங்க பாரு."